வகுப்பறை தந்த பயிற்சியாளர்

விளையாட்டுச் சம்மேளனங்களின் தேர்தல், நிர்வாகம், தகராறு ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்துக்கான மசோதாவை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றின. தேசிய விளையாட்டு வாரியம், தீர்ப்பாயம் ஆகிய அமைப்புகளுக்கு அச் சட்டம் வழிசெய்கிறது. சம்மேளனங்களின் நாற்காலிகளில் யார் அமரலாம் என்பதை அது விரிவாகப் பேசுகிறது. மைதானத்தில் சிறுவர்களுக்கு ஆட்டத்தைக் கற்றுக்கொடுப்பவரை உருவாக்குவது அதன் நோக்கமல்ல.

ஆனால், அப்படிக் கற்றுக்கொடுத்த ஒருவரால்தான் இந்தியக் கால்பந்து ஒரு காலத்தில் ஆசியாவின் உச்சியில் நின்றது. அவர் ஹைதராபாதைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம். பள்ளி ஆசிரியராகப் பணி தொடங்கிய அவரை வீரர்கள் கடைசிவரை "ரஹீம் சாப்' என்றே அழைத்தனர்.

ஆசிரியரின் உத்திகள்

1909-இல் பிறந்த ரஹீம், உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். அப் பல்கலைக்கழகத்தின் மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் நிறைந்த "லெவன் ஹன்டர்ஸ்' அணியோடு இணைந்திருந்தார். காச்சிகுடா நடுநிலைப் பள்ளி உள்ளிட்ட பள்ளிகளில் ஆசிரியராக இருந்து, பின்னர் உடற்கல்வியில் பட்டயம் பெற்றார். 1940-களில் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலர் பொறுப்பு அவரிடம் வந்தது. 1950-இல் ஹைதராபாத் நகர போலீஸ் அணிக்கும், இந்திய அணிக்கும் பயிற்சியாளரானார். அவரது பயிற்சியில் போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து 5 முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது.

ஒரு பாடத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்துக் கற்பிக்கும் ஆசிரியரின் முறையையே அவர் ஆட்டத்திலும் கையாண்டார். பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு எதிராளியை ஏய்த்து ஓடக்கூடாது என்ற விதியுடன் இளைஞர்களுக்குப் போட்டிகள் நடத்தினார். பந்தை உடனுக்குடன் சகவீரருக்குத் தட்டிவிடும் பழக்கம் அதனால் வந்தது. பலமில்லாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்பது இன்னொரு போட்டியின் விதி.

செகந்தராபாதை அடுத்த அம்முகுடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த துளசிதாஸ் பலராம், ரஹீம் கண்டெடுத்த மாணவர்களில் ஒருவர். பயிற்சிக்கு வந்துபோகக் காசில்லை என்று அந்த இளைஞர் தயங்கியபோது, வாடகை சைக்கிளுக்குப் பணம் ஏற்பாடு செய்தவர் ரஹீம். அந்த மாணவர்தான் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராகவும் பெரு நாட்டுக்கு எதிராகவும் கோல் அடித்தார்.

தோல்வியும் வெற்றியும்

1951-இல் தில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்ற கணக்கில் வென்று இந்தியா தங்கம் பெற்றது. அடுத்த ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் 1-10 என்ற படுதோல்வி. நம் வீரர்களில் பலர் வெறுங்காலுடன் ஆடிய காலம் அது. அதன்பின் பூட்ஸ் கட்டாயமாயிற்று. அந்த ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஹங்கேரியின் ஆட்டமுறையை ரஹீம் ஊன்றிக் கவனித்தார். நடு முன்கள வீரர் சற்றுப் பின்னால் இறங்கி ஆடும் அந்த உத்தியை இந்திய அணிக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வீழ்த்தி அரையிறுதிக்குச் சென்ற இந்தியா, நான்காம் இடம் பெற்றது. நெவில் டிசூசா அந்த ஆட்டத்தில் 3 கோல் அடித்தார்.

1962 ஜகார்த்தா ஆசியப் போட்டி அவரது கடைசித் தேர்வு. இஸ்ரேலும் தைவானும் விலக்கப்பட்டதைக் குறித்து இந்திய விளையாட்டு நிர்வாகி ஜி.டி. சோந்தி எழுப்பிய ஆட்சேபத்தால் இந்தோனேசிய ரசிகர்கள் இந்தியா மீது கொதித்திருந்தனர். முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. பின்களத் தூணான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் தையல். ரஹீம் அவரை முன்களத்துக்கு மாற்றினார். இறுதி ஆட்டத்தில் அதே தென் கொரியாவை இந்தியா 2-1 என்று வென்றபோது, பி.கே. பானர்ஜியுடன் கோல் அடித்த மற்றொருவர் ஜர்னைல் சிங். ஒன்பது மாதங்களுக்குப் பிறகு, 1963 ஜூன் 11-இல், புற்றுநோயால் ரஹீம் காலமானார்.

ஜப்பான் கற்ற பாடம்

ஜகார்த்தாவில் இந்தியாவிடம் 0-2 என்று தோற்ற நாடுகளில் ஒன்று ஜப்பான். அந்நாடு 1960-லேயே ஜெர்மானியப் பயிற்சியாளர் டெட்மார் கிராமரை வரவழைத்திருந்தது. பயிற்சியாளர்களுக்கே பயிற்சி தர வேண்டும் என்பது அவரது வழி. 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் ஜப்பான் வெண்கலம் வென்றது. அடுத்த ஆண்டு கிராமர் ஜப்பானில் நடத்திய பயிற்சியாளர் வகுப்பில் மாணவராக அமர்ந்தவர்களில் ரஹீமின் சீடர் பி.கே. பானர்ஜியும் ஒருவர்.

இந்தியாவில் ரஹீமின் முறை அவரோடு நின்றுபோனது. 1960-க்குப் பிறகு இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவில்லை. ஆசிய விளையாட்டில் கடைசிப் பதக்கம் 1970-இல் கிடைத்த வெண்கலம். 2025-இல் தேசிய அணியின் பொறுப்பு காலித் ஜமீலிடம் தரப்பட்டபோது, 13 ஆண்டுகளுக்குப் பிறகு ஓர் இந்தியருக்குக் கிடைத்த வாய்ப்பு என்று அது பேசப்பட்டது.

பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சார்யா விருது ஏற்படுத்தப்பட்டது 1985-இல். ரஹீம் மறைந்து 22 ஆண்டுகளுக்குப் பின். 2024-இல் வெளியான "மைதான்' ஹிந்தித் திரைப்படம் மூலமே இளைய தலைமுறையினர் பலர் அவரை அறிந்தனர்.

அரசியல் சட்டப்படி விளையாட்டு, மாநிலப் பட்டியலில் 33-வது இனம். கல்வியோ 1976-இல் செய்யப்பட்ட 42-வது திருத்தத்தால் பொதுப் பட்டியலுக்குச் சென்றது. ரஹீம் போன்ற உடற்கல்வி ஆசிரியர் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறார். மாநிலம் அவரை நியமிக்க வேண்டும். மத்திய அரசோ விளையாட்டு நிதியைத் தன் திட்டங்கள் வழியே தருகிறது. நாடாளுமன்றக் கேள்வி நேரத்தில் பதக்கங்களின் எண்ணிக்கையும் மைதானங்களுக்கு ஒதுக்கிய தொகையும் கேட்கப்படுவது வழக்கம். எத்தனை பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர் இருக்கிறார், அவருக்கு யார் பயிற்சி அளிக்கிறார்கள் என்பதையும் உறுப்பினர்கள் விடாமல் கேட்க வேண்டும்.