பயோடேட்டாவில் எதைப் பார்ப்பது? ஆள் எடுப்பவர்களுக்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை காட்டும் வழி!

மதுரை கோ.புதூர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தனியார் துறை முகாம் நடக்கும் நாள்களில், மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பஸ்களில் வந்து இறங்கும் இளைஞர்களின் கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருக்கும். உள்ளே மார்க் ஷீட் ஜெராக்ஸ், இரண்டு போட்டோ, ஒரு பயோடேட்டா. பத்துப் பேரின் பயோடேட்டாவை வாங்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே மாதிரி இருக்கும். கடின உழைப்பாளி. குழுவாக வேலை செய்யத் தெரிந்தவர். பொழுதுபோக்கு, பாட்டுக் கேட்பது. கடைசியில், 'மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை' என்ற உறுதிமொழி. பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்த ஃபைலில் பெயரையும் ஊரையும் மாற்றி பிரின்ட் எடுத்தால் வேறு எப்படி இருக்கும்?

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கும் சிக்கல்தான். ஜவுளிக்கடைக்கோ, ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கோ நான்கு பேர் வேண்டும். வந்திருப்பதோ கட்டுக் காகிதம். என்ன செய்வார்? மார்க்கைப் பார்ப்பார், கல்லூரிப் பெயரைப் பார்ப்பார், எத்தனை வருட அனுபவம் என்று பார்ப்பார், ஊரைப் பார்ப்பார். சட்டென்று கண்ணில் படுபவை இவைதான். ஆனால், அந்த வேலைக்குத் தேவையானவை இவைதானா?

இந்தக் கேள்விக்கு மதுரையிலேயே 50 ஆண்டுகளாக ஒரு பதில் இருக்கிறது. அண்ணா நகரில்.

பயோடேட்டாவே இல்லாதவர்கள்

அரவிந்த் கண் மருத்துவமனையை 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியவர் டாக்டர் கோ.வெங்கடசாமி. எட்டயபுரம் பக்கம் உள்ள வடமலாபுரத்துக்காரர். ராணுவ மருத்துவராக இருந்தபோது கடுமையான முடக்குவாதம் தாக்கியது. விரல்கள் கோணிப்போயின. மகப்பேறு மருத்துவராகும் ஆசையை விட்டுவிட்டுக் கண் மருத்துவம் படித்தார். தன் விரல்களுக்குப் பிடிபடும்படி கருவிகளைச் செய்துகொண்டு பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகளைச் செய்தவர் என்று அறியப்படுபவர். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, 58 வயதில் தொடங்கியதுதான் அரவிந்த்.

இளம் வயதில் அவர் ஒரு பயோடேட்டாவில் 'விரல்கள் வளைந்தவர், கண் அறுவை சிகிச்சை நிபுணர் பணி வேண்டும்' என்று எழுதியிருந்தால், எந்த நிர்வாகி இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருப்பார்?

அவர் கட்டிய மருத்துவமனை ஆள் எடுத்த விதமும் வழக்கத்துக்கு மாறானது. அரவிந்தின் ஊழியர்களில் பாதிக்கும் மேல் பெண்கள். உள்ளே எல்லோரும் 'சிஸ்டர்' என்று கூப்பிடுகிற கண் மருத்துவ உதவியாளர்கள். பெரும்பாலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து ப்ளஸ் டூ முடித்துவிட்டு நேராக வருபவர்கள். எழுதிக்கொடுக்க அவர்களிடம் அனுபவமும் இல்லை, பட்டமும் இல்லை. மருத்துவமனை அவர்களிடம் தேடுவது வேறு: நோயாளியிடம் பொறுமையாகப் பேசுவாரா, சொன்ன வேலையைச் சொன்னபடி செய்து முடிப்பாரா, கற்றுக்கொள்ளும் ஆர்வம் இருக்கிறதா? பெற்றோரையும் வரச் சொல்லிப் பேசுவார்கள். தேர்வானவர்களுக்கு இரண்டு ஆண்டுப் பயிற்சி. பிறகு அவரவருக்கு வருவதைப் பொறுத்துக் கண்ணாடி பவர் பார்ப்பது, ஆபரேஷன் தியேட்டர், வார்டு, நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்வது என்று பிரிந்து போவார்கள். இந்தப் பயிற்சி முறை உருவானதில் டாக்டர் வெங்கடசாமியின் தங்கை டாக்டர் ஜி.நாச்சியாருக்குப் பெரிய பங்கு உண்டு.

இது இரக்கப்பட்டு வேலை கொடுத்த கதை அல்ல. அரவிந்த் தியேட்டரில் ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜைகள். ஒன்றில் சிகிச்சை நடக்கும்போதே அடுத்த மேஜையில் நோயாளியைத் தயார் செய்துவிடுவது சிஸ்டர்கள்தான். அதனால்தான் அங்கே ஒரு டாக்டரால் ஆண்டுக்கு 2,000 அறுவை சிகிச்சைகள் வரை செய்ய முடிகிறது. ஏராளமானவர்களுக்கு இலவசமாகவும் செய்ய முடிகிறது. ஹார்வர்டு வணிகப் பள்ளி 1993-லேயே இந்த மருத்துவமனையைப் பற்றி ஒரு பாடம் எழுதியது. திருமணமாகி விலகிச் செல்லும் சிஸ்டர்களும் உண்டு. இடம் காலியாகும், அடுத்த வரிசைக்குப் பயிற்சி நடந்துகொண்டேயிருக்கும்.

நான்கு பேர் வேலை செய்யும் கடைக்கு இரண்டு ஆண்டுப் பயிற்சி கட்டுப்படியாகாதுதான். ஆனால், வேலைக்கு எது வேண்டும் என்று முதலில் தீர்மானித்துவிட்டு, பிறகு ஆளைப் பார்க்கும் வரிசையை எந்தக் கடையும் கடன் வாங்கலாம்.

முதலில் ஒரு வெள்ளைத் தாள்

பயோடேட்டா கட்டைப் பிரிக்கும் முன் ஒரு தாளில் இரண்டு பட்டியல் எழுதிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒன்று, இல்லாவிட்டால் நடக்கவே நடக்காது என்பவை. மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுக்க பார்மசி படிப்பும் பதிவும் சட்டப்படி வேண்டும். லாரி ஓட்ட ஹெவி லைசென்ஸ் வேண்டும். இவற்றில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. மற்றொன்று, வந்த பிறகு ஒரு மாதத்தில் கற்றுக்கொடுத்துவிடக் கூடியவை. பில்லிங் மென்பொருள், ஸ்டாக் எடுப்பது, போனில் பேசும் முறை எல்லாம் இதில் வரும். இந்த இரண்டாவது பட்டியலில் உள்ளவற்றைக் கேட்டுத்தான் பலரும் நல்ல ஆட்களைத் தள்ளிவிடுகிறார்கள்.

மார்க் விஷயத்தில் இப்போது கூடுதல் கவனம் தேவை. கொரோனா காலத்தில், 2021-ல் பத்தாம் வகுப்பு முடித்தவர்களின் சான்றிதழில் மதிப்பெண்ணே கிடையாது, 'தேர்ச்சி' மட்டும்தான். அதே ஆண்டு ப்ளஸ் டூ முடித்தவர்களுக்குப் பொதுத்தேர்வு நடக்கவில்லை. பத்தாம் வகுப்பு 50, ப்ளஸ் ஒன் 20, ப்ளஸ் டூ செய்முறை மற்றும் அகமதிப்பீடு 30 சதவிகிதம் என்று கணக்குப் போட்டு மார்க் வந்தது. இன்று இருபதுகளில் இருக்கும் அவர்களையும், தேர்வெழுதி மார்க் வாங்கியவர்களையும் ஒரே தராசில் நிறுத்தி 'இவருக்கு 20 மார்க் கம்மி' என்று சொல்வதில் அர்த்தமில்லை.

இடையில் ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு காலி இருந்தால்? கழித்துக்கட்டுவதற்கு முன் காரணம் கேட்கலாம். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் வயலைப் பார்த்துக்கொண்டவர், குழந்தை பிறந்து வீட்டில் இருந்தவர், போட்டித் தேர்வுக்குப் படித்தவர் என்று அந்தக் காலி இடத்துக்குள் பல கதைகள். சில சமயம் பயோடேட்டாவில் எழுதியிருப்பதைவிட அங்கேதான் ஆள் தெரிவார்.

அனுபவ ஆண்டுகளும் நாம் நினைக்கும் அளவுக்குக் கைகொடுப்பதில்லை. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் பால் சாக்கெட் குழு, பல ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2022-ல் வெளியிட்ட கட்டுரைப்படி, ஒருவர் வேலையில் எப்படிச் செயல்படுவார் என்பதை முன்கூட்டிச் சொல்வதில் அனுபவ ஆண்டுகளின் எண்ணிக்கை மிகவும் பின்தங்கியிருக்கிறது. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒரே அளவுகோலில் மார்க் போடும் இன்டர்வியூ முன்னணியில் இருக்கிறது. வேலை சார்ந்த அறிவுத் தேர்வும், வேலையையே கொஞ்சம் செய்துகாட்டச் சொல்வதும் அதற்கடுத்து வருகின்றன. ஜவுளிக்கடை என்றால் ஒரு வாடிக்கையாளரிடம் பேசச் சொல்லலாம். கணக்குப் பிள்ளை என்றால் பத்து பில்களைக் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லலாம். அரை மணி நேரம் போதும். ஒரு வாரம் 'பார்க்கலாம்' என்று வேலை வாங்கினால் அந்த ஒரு வாரத்துக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அதற்குப் பெயர் தேர்வு இல்லை, வேலை.

பெயரை மறைத்துப் படியுங்கள்

நம் ஊர் பயோடேட்டாவில் அப்பா பெயர், மதம், சொந்த ஊர் எல்லாம் வேலைக்கு முன்பாகவே வந்து நிற்கும். படிப்பவர் மனதில் அவை என்ன செய்யும்?

பொருளாதார அறிஞர் சுகதேவ் தோரட்டும் சமூகவியல் அறிஞர் பால் அட்டவெலும் 2007-ல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. நாளிதழ்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதிகள் ஒன்றுதான், பெயர் மட்டும் வேறு. உயர்சாதி இந்துப் பெயர் உள்ளவரோடு ஒப்பிட்டால், இன்டர்வியூ அழைப்பு வரும் வாய்ப்பு தலித் பெயருக்கு சுமார் மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு சுமார் மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது. அமெரிக்காவிலும் இதே மாதிரி ஒரு சோதனை, கறுப்பினப் பெயர்களை வைத்து 2004-ல் வெளியானது. அதைச் செய்த இருவரில் ஒருவர், தமிழ்க் குடும்பத்தில் பிறந்த செந்தில் முல்லைநாதன்.

வேண்டுமென்றே ஒதுக்குகிறோம் என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பலருக்கு அது தெரியவும் தெரியாது. எனவே, காகிதத்தின் மேல்பகுதியை மடித்துவிட்டுப் படிப்பையும் வேலையையும் மட்டும் முதலில் படிப்பது நல்லது. முடிந்தால் இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து மார்க் போட்டு, பிறகு ஒப்பிடலாம். அரவிந்த் மாதிரி குடும்பத்தையும் வரச் சொல்லிப் பேசுவது எல்லோர் கையிலும் சரியாக வராது என்பதும் இதனால்தான். வீட்டை விட்டு முதல்முறை விடுதியில் தங்கப்போகும் பெண்ணின் பெற்றோரிடம் பேசுவது ஒன்று. 'நீங்க எந்தப் பக்கம், என்ன ஆளுங்க?' என்று வளைத்து வளைத்துக் கேட்பது வேறு. 'கல்யாணம் எப்போ?' என்ற கேள்வி ஆண்களிடம் கேட்கப்படுவதில்லை என்றால், பெண்களிடமும் வேண்டாம்.

எழுதியிருப்பது உண்மையா என்று பார்க்க இப்போது வழி எளிது. மதிப்பெண் சான்றிதழ்களை டிஜிலாக்கரில் காட்டச் சொல்லலாம். பி.எஃப் பிடித்த வேலையாக இருந்தால் யு.ஏ.என் கணக்கில் சேர்ந்த தேதி, விலகிய தேதி இருக்கும். பழைய முதலாளிக்கு போன் செய்வதாக இருந்தால் விண்ணப்பித்தவரிடம் கேட்டுவிட்டுச் செய்வது முறை. இன்னும் அங்கேயே வேலை பார்த்துக்கொண்டிருந்தால், அந்த ஒரு போனில் இருக்கிற வேலையும் போய்விடும்.

ஒரிஜினல் சான்றிதழைப் பார்த்த கையோடு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். 'ஒரு வருஷம் இருந்தாத்தான் தருவோம்' என்று வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. கல்விச் சான்றிதழ் விற்கக்கூடிய சரக்கு அல்ல, அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை கிடையாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்தவரிடம் அந்த ஃபைலைத் தவிர வேறெதுவும் இல்லை. அது அன்றைக்கே அவரோடு ஊருக்குத் திரும்ப வேண்டும்.