நெஞ்சின் நோவை அளக்கும் கோல்

பிள்ளையின் மேனி கொதித்தால் தாய் வெப்பமானியை நாடுகின்றாள். அது காட்டும் அளவு இலண்டனிலும் தெஹ்ரானிலும் ஒன்றே. ஆனால், உள்ளம் கொதிக்கும்போது அதனை அளப்பது எங்ஙனம்? வினாக்களைக் கொண்டே அளத்தல் வேண்டும். வினாவோ மொழியினால் ஆனது. மொழி மாறினால் அளவுகோலும் மாறிவிடுமன்றோ?

கட்டிளமைப் பருவத்தினர் சிலர், உயிரைப் போக்கும் எண்ணமின்றியே தம் உடலைத் தாமே புண்படுத்திக் கொள்வதுண்டு. பெரும்பாலும் 12 முதல் 14 வயதளவில் தொடங்கும் இதனை அவர்கள் பிறரறியாது மறைப்பர். தெரியவந்தாலோ, ‘பிடிவாதம்’ என ஏசுவோர் பலர், ‘ஏன்?’ எனப் பரிவோடு கேட்போர் சிலரே.

அந்த ‘ஏன்?’ என்பதற்கு விடை தேடும் வினாக்கொத்து ஒன்றை டேவிட் குளொன்ஸ்கி, கதரின் கிளென் என்னும் உளவியல் அறிஞர் இருவர் ஆராய்ந்து 2009ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதில் 13 காரணங்களும், காரணம் ஒன்றுக்கு மூன்றாக 39 கூற்றுக்களும் உள. தாங்கொணா மனக்கொதிப்பைத் தணித்தல், தன்னைத் தானே தண்டித்தல் என்பன அகத்தைச் சார்ந்த காரணங்கள். தன் துயரைப் பிறர்க்கு உணர்த்தல், தோழரோடு ஒன்றுபடல் என்பன புறத்தாரைச் சார்ந்தவை.

ஆங்கிலத்தில் எழுந்த இத்தகைய வினாக்கொத்தைப் பாரசீக மொழியிற் பெயர்த்துவிட்டாற் போதாதா? போதாது. பாரசீகத்தில் ‘தெல்’ என்னும் சொல் நெஞ்சையும் குறிக்கும், வயிற்றையும் குறிக்கும். ‘என் தெல் ஒடுங்கிவிட்டது’ என்று ஈரானியச் சிறுமி சொன்னால், அன்புக்குரிய ஒருவரைக் காணாது ஏங்குகின்றாள் என்பது பொருள். சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர் அதனை நோயென்றே எழுதிவிடுவார்!

ஆகவே, ஒருவர் பெயர்த்ததை, மூலத்தைப் பாராத மற்றொருவர் மீண்டும் ஆங்கிலத்திற் பெயர்ப்பார். இரண்டையும் ஒப்புநோக்கிப் பிழை களைவர். பின்னர் மாணவர் சிலரை வாசிக்கச் செய்து, விளங்கிக்கொண்டது யாதெனக் கேட்பர். முஹர்ரம் மாதத்தில் ஊரார் கூடி மார்பில் அடித்துத் துக்கம் காப்பது ஈரானிய வழக்கம். அது சமயம் சார்ந்த பொதுத் துயரம். தனிமையில் வாடும் பிள்ளையின் செயலோடு அதனைச் சேர்த்து எண்ணலாகாது.

அடுத்து, தராசைப் படிக்கல்லால் சோதிப்பதுபோல வினாக்கொத்தையும் சோதிப்பர். சில வாரங்கள் கழித்து மீண்டும் கேட்டால் விடை பெரிதும் மாறலாகாது. ஒரே காரணத்தைத் தேடும் கூற்றுக்களுக்கு வரும் விடைகள் தம்முள் இசைதல் வேண்டும். இவ்விசைவை அளக்க லீ குரொன்பாக் 1951இல் விளக்கிய குணகமே இன்றும் வழக்கிலுள்ளது. அது 0.70க்குக் குறையாதிருத்தல் நன்றென்பர். மனக்கவலையை அளக்கும் பிற வினாக்கொத்துக்களின் முடிவோடும் இதன் முடிவை ஒப்பிடுவர்.

இத்தனை நுணுக்கம் எதற்கு? கோணலான ஒரு வினாவால், துன்புறும் பிள்ளை நலமுடையதெனக் கைவிடப்படலாம். நலமுள்ள பிள்ளை நோயாளியெனப் பழி சுமக்கலாம். இரண்டும் தீராத தீங்கே.

தாய்மாரே, தந்தைமாரே! ஒரு வினாவைச் செம்மையாகக் கேட்பதற்கு அறிஞர் இத்துணைப் பாடுபடுகின்றனர். நம் பிள்ளையின் மேனியிற் காயம் கண்டால் நாமும் சீறாது, அருகிருத்தி, அதற்கு விளங்கும் மொழியில் மெல்லக் கேட்போமாக. சொல்வதை முழுவதும் செவிமடுத்து, தாமதியாது மருத்துவரை நாடுவோமாக. கேட்கும் முறை அறிந்தவரிடமே நெஞ்சு திறக்கும்.