பெட்டிக்குள் இருப்பது யார்?

உயர்நிலை மூன்று அறிவியல் வகுப்பில் ஒரு நாள் பட்டை வரைபடங்களை வாசிக்கப் பழகிக்கொண்டிருந்தோம். ஒரு மாணவர் கையை உயர்த்தினார்.

“சார், சிங்கப்பூரில் பட்டதாரிகள் அதிகம் இருப்பது இந்தியர்களிடம்தானாமே? வருமானத்திலும் நாம்தான் முன்னாலாமே? அப்படியென்றால் எங்கள் வீட்டில் மட்டும் ஏன் அப்படி இல்லை?”

வகுப்பு சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் கேள்வி விளையாட்டாகக் கேட்டது இல்லை என்று எனக்குப் பட்டது. அன்று மணி அடித்துவிட்டதால் பாதி பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில், அவர் படித்த எண்கள் சரியானவை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 25 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் 33 விழுக்காட்டினர் பல்கலைக்கழகப் பட்டதாரிகள். சீனர்களிடையே அது 34.7 விழுக்காடு. மலாய்க்காரர்களிடையே 10.8 விழுக்காடு. இந்தியர்களிடையே 41.3 விழுக்காடு.

எண்கள் சரி. ஆனால் “இந்தியர்கள் முன்னேறிவிட்டார்கள், மற்றவர்கள் பின்தங்கிவிட்டார்கள்” என்ற முடிவுக்கு அதிலிருந்து தாவலாமா? ஆய்வுக்கூடத்தில் இரண்டு முகவைகளை ஒப்பிடும்போது நாம் முதலில் கேட்பது என்ன? எதில் எவ்வளவு சூடு என்பதையா? இல்லை. எதில் என்ன இருக்கிறது என்பதைத்தான்.

பெட்டியின் பெயர் ‘இந்தியர்’

சிங்கப்பூரில் புள்ளிவிவரங்கள் நான்கு பெட்டிகளில் வருகின்றன: சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர். ‘இந்தியர்’ என்ற பெட்டியைத் திறந்து பார்த்தால் தமிழர், மலையாளி, பஞ்சாபி, சிந்தி, குஜராத்தி, வங்காளி எனப் பலரும் இருப்பார்கள். பாகிஸ்தான், பங்ளாதேஷ், இலங்கை ஆகிய நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்டவர்களும் அதே பெட்டியில்தான். 2010 கணக்கெடுப்பில் தமிழர்கள் இந்தப் பெட்டியில் பாதிக்குச் சற்று மேல்.

ஐந்து தலைமுறைக்கு முன்பு கப்பலில் வந்தவரின் வாரிசும், ஐந்து ஆண்டுக்கு முன்பு விமானத்தில் வந்து நிரந்தரவாசியான கணினிப் பொறியாளரும் ஒரே பெட்டியில் எண்ணப்படுகிறார்கள். 2010இல் இந்தியர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் நிரந்தரவாசி. நாட்டின் மொத்தக் குடியிருப்பாளர்களை எடுத்துக்கொண்டால் ஏழு பேரில் ஒருவர்தான் நிரந்தரவாசி. மலாய்க்காரர்களிடையே நிரந்தரவாசிகள் மிகச் சிலரே.

இனி, பெட்டிக்கு வெளியே யார் என்று பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை மாலை லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்திலிருந்து வெளியே வாருங்கள். தேக்கா நிலையம், பஃபலோ ரோடு, சிராங்கூன் சாலை எங்கும் தலைகள். வாரம் முழுவதும் கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைத்துவிட்டு, ஊருக்குப் பணம் அனுப்பவும் நண்பர்களைப் பார்க்கவும் வந்த ஊழியர்கள். தமிழ் உங்கள் காதில் விழும், வங்காளமும் விழும். அவர்களில் பெரும்பாலோர் வேலை அனுமதியில் இருப்பவர்கள். ‘சிங்கப்பூர்வாசி’ என்ற புள்ளிவிவரச் சொல் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டுமே குறிக்கும். 2020இல் இங்கு இருந்த 5.69 மில்லியன் பேரில் 1.64 மில்லியன் பேர் அந்தச் சொல்லுக்கு வெளியே இருந்தார்கள்.

ஆகவே, லிட்டில் இந்தியாவில் நாம் அதிகம் பார்க்கும் இந்தியர்கள், ‘இந்தியர்களின் வருமானம்’ என்ற எண்ணில் இல்லவே இல்லை. அவர்களையும் சேர்த்திருந்தால் அந்த எண் இறங்கியிருக்கும். யாரும் ஒரு வெள்ளிகூட இழந்திருக்க மாட்டார்கள். பெட்டியின் எல்லை மட்டுமே மாறியிருக்கும்.

சராசரியும் இடைநிலையும்

ஐந்து குடும்பங்களின் மாத வருமானம் 3,000, 4,000, 5,000, 6,000, 22,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 40,000. ஐந்தால் வகுத்தால் சராசரி 8,000 வெள்ளி. ஆனால் நான்கு குடும்பங்கள் அந்த 8,000 வெள்ளியை எட்டவேயில்லை. ஒரே ஒரு பெரிய எண் சராசரியை மேலே இழுத்துவிட்டது.

அதே எண்களை வரிசையாக நிறுத்தி, நடுவில் இருப்பதை எடுத்தால் கிடைப்பது 5,000. இதுதான் இடைநிலை. பாதிப் பேர் இதற்குக் கீழே, பாதிப் பேர் மேலே. சாதாரணக் குடும்பம் எங்கே நிற்கிறது என்பதை இது நன்றாகக் காட்டும்.

இப்போது உண்மையான எண்கள். 2010இல் வேலை மூலம் இந்தியக் குடும்பங்களுக்குக் கிடைத்த மாத வருமானத்தின் சராசரி 7,664 வெள்ளி. இடைநிலை 5,370 வெள்ளி. இரண்டுக்கும் இடையே 2,294 வெள்ளி வித்தியாசம். ‘இந்தியக் குடும்பத்தின் வருமானம்’ என்று யாராவது சொன்னால், சராசரியா இடைநிலையா என்று கேளுங்கள். 5,370 என்றாலும், பாதிக் குடும்பங்கள் அதற்குக் கீழேதான் என்பதையும் மறக்க வேண்டாம். என் மாணவரின் கேள்விக்குப் பாதி விடை இங்கேயே இருக்கிறது.

பத்து ஆண்டில் ஒரு பாய்ச்சல்

2000ஆம் ஆண்டில் இந்தியக் குடும்பங்களின் இடைநிலை வருமானம் ஏறத்தாழ 3,400 வெள்ளி. நாட்டின் இடைநிலை ஏறத்தாழ 3,600. அதாவது இந்தியர்கள் கீழே இருந்தார்கள். 2010இல் நாட்டின் இடைநிலை 5,000; இந்தியர்களுடையது 5,370. இப்போது மேலே.

கல்வியிலும் அதே கதை. 15 வயதைத் தாண்டி, படிப்பை முடித்த இந்தியர்களிடையே பட்டதாரிகள் 2000இல் 16.5 விழுக்காடு. 2010இல் 35 விழுக்காடு.

இது எப்படி நடந்தது? “நன்றாகப் படித்தோம், முன்னேறினோம்” என்பது ஒரு விடை. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அது மட்டும் போதுமா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது விளக்கத்துக்காக நான் அமைத்த கணக்கு.

ஓர் ஊரில் 100 பெரியவர்கள். 17 பேர் பட்டதாரிகள். பத்து ஆண்டுகளில் 20 இளையர்கள் படிப்பை முடித்துப் பெரியவர்கள் கணக்கில் சேர்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர், அதாவது 10 பேர், பட்டம் பெறுகிறார்கள். அதே காலத்தில் பட்டம் பெறாத 10 முதியவர்கள் காலமாகிறார்கள். இப்போது ஊரில் 110 பேர். பட்டதாரிகள் 27 பேர். ஏறத்தாழ 25 விழுக்காடு. இளையர்களில் பாதிப் பேர் பட்டதாரி ஆனபோதும் 35ஐ எட்ட முடியவில்லை. காரணம் எளிது. பள்ளியை விட்டுப் பல ஆண்டுகள் ஆன பெரியவர்கள் கூட்டமாகத் திரும்பிப் போய்ப் பட்டம் வாங்குவதில்லை.

இப்போது வெளியிலிருந்து 30 பேர் அந்த ஊரில் குடியேறுகிறார்கள். அவர்களில் 22 பேர் பட்டதாரிகள் என்போம். மொத்தம் 140 பேர், பட்டதாரிகள் 49 பேர். வகுத்துப் பாருங்கள்: சரியாக 35 விழுக்காடு!

சிங்கப்பூரிலும் அந்தப் பத்து ஆண்டுகளில் குடியிருப்பாளர்களிடையே இந்தியர்களின் பங்கு 7.9 விழுக்காட்டிலிருந்து 9.2 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. புதிதாக வந்தவர்களில் உயர்கல்வி பெற்றவர்கள் ஏராளம். முகவையை அடுப்பில் வைத்துவிட்டு நடுவில் கொஞ்சம் வெந்நீரையும் ஊற்றினால் வெப்பநிலை ஏறும். அந்த ஏற்றம் முழுவதையும் அடுப்பின் கணக்கில் எழுதலாமா?

புதியவர்கள் வந்ததில் தவறு எதுவும் இல்லை. நம் முன்னோரும் ஒரு காலத்தில் புதியவர்கள்தான். ஆனால் 2000இல் எண்ணப்பட்ட ‘இந்தியர்’ கூட்டமும் 2010இல் எண்ணப்பட்ட ‘இந்தியர்’ கூட்டமும் ஒரே கூட்டம் அல்ல.

பக்கத்துப் பெட்டியோடு நியாயமாக ஒப்பிடுவது

மலாய்க்காரர்களின் பெட்டிக்கு வெளியிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் மிகக் குறைவு. அங்கே நாம் காண்பது பெரும்பாலும் அதே குடும்பங்களின் அடுத்த தலைமுறையை. படித்து முடித்த மலாய்க்காரர்களிடையே பட்டதாரிகள் 2000இல் 2 விழுக்காடு, 2010இல் 5.1 விழுக்காடு.

இந்தியர்களின் ஏற்றம் 18.5 விழுக்காட்டுப் புள்ளிகள். மலாய்க்காரர்களின் ஏற்றம் 3.1 புள்ளிகள். இப்படிச் சொன்னால் இந்தியர்கள் எங்கோ போய்விட்டதுபோல் தெரியும். எத்தனை மடங்கு என்று கேட்டால் இந்தியர்கள் 2.1 மடங்கு, மலாய்க்காரர்கள் 2.5 மடங்கு. இரண்டும் சரியான கணக்கு. எதைச் சொல்வது என்பதைச் சொல்பவர் தேர்ந்தெடுக்கிறார். அதனால் வாசிக்கும் நாம் இரண்டையும் கேட்க வேண்டும்.

இடைவெளி உண்மையானது, அதை மறைக்கவும் கூடாது. 2010இல் மலாய்க் குடும்பங்களின் இடைநிலை வருமானம் 3,844 வெள்ளி. மலாய்க் குடும்பங்களில் பொதுவாக ஆட்களும் அதிகம் என்பதால், தலைக்கு எவ்வளவு என்று வகுத்தால் இடைவெளி இன்னும் பெரிதாகும். நியாயமான ஒப்பீடு என்றால் நமக்குப் பிடித்த விடை வரும்வரை எண்களைத் திருகுவது அல்ல. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்துவது.

இந்தியர் பெட்டியின் அளவில் ஒரு நாடு

2020இல் சிங்கப்பூர்வாசிகளான இந்தியர்கள் ஏறத்தாழ 362,000 பேர். அதே ஆண்டின் தொடக்கத்தில் ஐஸ்லாந்து என்ற முழு நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 364,000! வட அட்லாண்டிக் கடலில் இருக்கும் அந்தத் தீவிலும் ஆசியர்கள் வாழ்கிறார்கள். பிலிப்பீன்ஸ், தாய்லாந்து, வியட்நாம் ஆகிய நாடுகளிலிருந்து போனவர்கள். ஆனால் அங்கே குடியேறிகளில் மிக அதிகமானவர்கள் போலந்துக்காரர்கள்.

ஐஸ்லாந்தின் புள்ளிவிவரத்தில் இனப் பெட்டி கிடையாது. அங்கே கேட்கப்படும் கேள்வி, “எங்கே பிறந்தீர்கள்? உங்கள் பெற்றோர் எங்கே பிறந்தார்கள்?” என்பதுதான். தாய்லாந்திலிருந்து போனவர் ‘குடியேறி’. அங்கேயே பிறந்த அவர் பிள்ளை ‘இரண்டாம் தலைமுறை’. பேரப்பிள்ளைக்கு அந்தப் பெட்டியில் இடமில்லை. மற்ற ஐஸ்லாந்துக்காரர்களோடு கலந்துவிடுகிறார். சிங்கப்பூரிலோ ஆறாம் தலைமுறைத் தமிழரும் ‘இந்தியர்’தான்.

இன்னொரு வேறுபாடு. மீன் பதனிடும் ஆலையில் வேலை பார்க்க அங்கே போய்க் குடியிருப்பவரும் நாட்டின் மக்கள் பதிவேட்டில் இடம்பெறுகிறார். இங்கே கட்டுமான ஊழியர் ‘சிங்கப்பூர்வாசி’ கணக்கில் வருவதில்லை. அதனால் “ஆசியர்கள் சிங்கப்பூரில் நன்றாக இருக்கிறார்களா, ஐஸ்லாந்திலா?” என்று இரு நாட்டு எண்களையும் பக்கத்தில் வைத்து முடிவு சொல்ல முடியாது. ஒரு தராசில் பைசாக் கல்லும் இன்னொரு தராசில் கிலோக் கல்லும் இருப்பது போன்றது அது.

ஒரே எண்ணில் வாழ்க்கை அடங்காது

பட்டத்தையும் வருமானத்தையும் மட்டுமே பார்த்தால், சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகிய மூன்று பெட்டிகளில் இந்தியர்கள் முதலிடம். வேறோர் எண்ணைப் பாருங்கள். 2010 தேசியச் சுகாதார ஆய்வின்படி, 18 முதல் 69 வயது வரையிலான இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. மலாய்க்காரர்களிடையே 16.6 விழுக்காடு. சீனர்களிடையே 9.7 விழுக்காடு. இங்கேயும் நமக்குத்தான் முதலிடம். ஆனால் மார்தட்டிக்கொள்ள முடியாத முதலிடம். ஒரு சமூகம் ‘முன்னால்’ இருக்கிறதா ‘பின்னால்’ இருக்கிறதா என்பது எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

அப்படியானால் இனவாரிப் புள்ளிவிவரமே வேண்டாமா? வேண்டும். பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை அது காட்டியது. மலாய்ச் சமூகத்துக்காக 1982இல் மெண்டாக்கி தொடங்கப்பட்டது. இந்திய மாணவர்களின் கல்வி பற்றிய கவலையால் 1991இல் சிண்டா பிறந்தது. எண்கள் இல்லாமல் அந்தக் கவலையை யாரும் நிரூபித்திருக்க முடியாது.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பெட்டியின் எண் உயரும்போது, உள்ளே இருக்கும் எல்லாரும் உயர்ந்துவிட்டதாக நினைத்துவிடுகிறோம். அப்போது ஈரறை வாடகை வீட்டில், இரவு நேர வேலைக்குப் போகும் அம்மாவுக்காகத் தம்பியைப் பார்த்துக்கொண்டே பாடம் படிக்கும் மாணவர் கண்ணில் படாமல் போகிறார். 41.3 என்ற எண் அவருக்கு எதையும் தரவில்லை. “உன் சமூகம் முன்னேறிவிட்டதே, உனக்கு என்ன குறை?” என்ற பேச்சை மட்டும் தருகிறது. பக்கத்து இருக்கையில் இருக்கும் மலாய் நண்பருக்கோ 10.8 என்ற எண், அவரைப் பார்க்காமலேயே அவரைப் பற்றி ஒரு முடிவை எழுதிவிடுகிறது. இருவருக்கும் அநீதி ஒன்றுதான்.

என் மாணவருக்கு நான் சொல்ல விட்டுப்போனது இது: “தம்பி, உங்கள் வீட்டில் குறை எதுவும் இல்லை. கூட்டத்தைப் பற்றிய எண்ணை வைத்து ஒரு வீட்டை அளந்ததுதான் பிழை.”

நீங்களே செய்து பாருங்கள்

1. உங்கள் வகுப்பு நண்பர்கள் பத்துப் பேர் பள்ளிக்கு வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று எழுதுங்கள். சராசரியையும் இடைநிலையையும் கண்டுபிடியுங்கள்.

2. ஜோகூர் பாருவிலிருந்து தினமும் வந்து போகும் ஒருவரை அந்தப் பட்டியலில் சேருங்கள். 120 நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். எந்த எண் அதிகம் நகர்ந்தது? முதல் பத்துப் பேரின் பயணம் ஒரு நிமிடமாவது நீண்டதா?

3. இந்த வாரச் செய்தித்தாளில் இரண்டு குழுக்களை ஒப்பிடும் செய்தி ஒன்றைக் கண்டுபிடியுங்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள்: பெட்டிக்குள் யார்? வெளியே யார்? நடுவில் வந்து சேர்ந்தவர் யார்? விடை கிடைக்காவிட்டால், செய்தியின் தலைப்பை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.