வேறுபாட்டுச் சேமிப்பு (பதிப்புக் கட்டுப்பாடு)

வேறுபாட்டுச் சேமிப்பு என்பது, ஒரு கோப்பின் அடுத்தடுத்த பதிப்புகள் ஒவ்வொன்றையும் முழுமையாகச் சேமிக்காமல், அவற்றுக்கு இடையிலான மாற்றங்களை மட்டும் சேமிக்கும் முறை ஆகும். 1000 வரிகள் கொண்ட கோப்பில் 40ஆம் வரி மட்டும் மாறினால், அவ்வரியை நீக்கி வேறொன்றைச் சேர்க்கும் கட்டளையும் புதிய வரியும் மட்டுமே பதிவாகும்.

இக்கருத்து கணினிக்கு முற்பட்டது. உ. வே. சாமிநாதையர் ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தபோது ஒரு பாடத்தை மூலமாகக் கொண்டு, பிற சுவடிகளின் பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் தந்தார். சென்னையை அடுத்த பெரும்பாக்கத்தில் அமைந்துள்ள செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் செம்பதிப்புப் பணியும் இத்தகைய ஒப்பீட்டையே அடிப்படையாகக் கொண்டது.

முறைகள்

1972ல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் உருவாக்கிய எஸ்சிசிஎஸ், எல்லாப் பதிப்புகளின் வரிகளையும் ஒரே கோப்பில் பின்னி வைத்தது. எந்தப் பதிப்பை எடுக்கவும் கோப்பு முழுவதையும் படிக்க வேண்டியிருந்தது.

பர்டியூ பல்கலைக்கழகத்தின் வால்டர் டிச்சி 1980களின் தொடக்கத்தில் உருவாக்கிய ஆர்சிஎஸ் இதனைத் தலைகீழாக்கியது. அண்மைப் பதிப்பு முழுமையாகவும், பழையவை பின்னோக்கிய வேறுபாடுகளாகவும் இருக்கும். பெரும்பாலும் கேட்கப்படுவது அண்மைப் பதிப்பே என்பதால் இது சிறந்த தேர்வாகும். எனினும் இடையில் ஒரு வேறுபாடு சிதைந்தால், அதற்கு முந்தைய பதிப்புகளை மீட்க இயலாது. சிவிஎஸ் மென்பொருளும் இதே கோப்பு வடிவத்தையே பயன்படுத்தியது.

2005ல் லினஸ் டோர்வால்ட்சு தொடங்கிய கிட், முதலில் ஒவ்வொரு பதிப்பையும் முழுமையாகச் சுருக்கிச் சேமிக்கிறது. பின்னர் பொதிகளாகக் கட்டும்போதுதான் ஒத்த உள்ளடக்கங்களைத் தேடி வேறுபாடுகளாக்குகிறது. சங்கிலியின் நீளம் இயல்பாக 50ஐத் தாண்டாது. அதே ஆண்டில் தொடங்கிய மெர்க்குரியல், சங்கிலி நீளும்போது இடையிடையே முழுப் பதிப்பைச் சேர்த்துவிடும்.

தமிழ்க் கோப்புகள்

ஒப்பீடு பைட்டுகளைக் கொண்டே நிகழ்கிறது. கண்ணுக்குத் தெரியும் எழுத்தைக் கொண்டு அன்று. ஒருங்குறியில் 'கொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியாகவும், எகரக் குறி, கால் என இரண்டாகவும் எழுதலாம். யுடிஎப்-8ல் முதல் வடிவம் 6 பைட்டுகள், இரண்டாவது 9 பைட்டுகள். திரையில் இரண்டும் ஒன்றே. இரு மொழிபெயர்ப்பாளர்கள் வெவ்வேறு விசைப்பலகை மென்பொருள்களைப் பயன்படுத்தினால், எழுத்து மாறாத வரிகளும் மாறியவையாகக் காட்டப்படலாம். உண்மையான திருத்தம் அவற்றுள் மறைந்துவிடும். சேமிக்கும் முன் கோப்பை ஒரே இயல்பு வடிவத்திற்கு மாற்றுவதே இதற்குத் தீர்வு.

டிஸ்கி குறியாக்கத்திலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும்போது தமிழ் உள்ள வரிகள் அனைத்தும் மாறுவதால், வேறுபாடு ஏறத்தாழ முழுக் கோப்பின் அளவுக்கு வந்துவிடும். எனவே குறியாக்க மாற்றத்தையும் சொற்திருத்தத்தையும் ஒரே பதிப்பில் கலக்காமல் தனித்தனியே பதிவது நல்லது. நீண்ட பத்தியை ஒரே வரியாகத் தட்டெழுதும் வழக்கமும் இத்தகையதே. ஆர்சிஎஸ் போன்ற வரி அடிப்படையிலான மென்பொருளில், ஒரு புள்ளி மாறினாலும் பத்தி முழுவதும் மீண்டும் சேமிக்கப்படும்.