நோட்டீஸின் கடைசி வரியில் என்ன இருக்க வேண்டும்?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் பிறந்தால் வாட்ஸ்அப்பில் இளஞ்சிவப்பு ரிப்பன் படங்கள் வந்து குவியும். மார்பகப் புற்றுநோய் குறித்து விழிப்புடன் இருங்கள் என்று கீழே எழுதியிருக்கும். சரி, படித்த பெண் அடுத்து எங்கே போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும்? அதைச் சொல்லும் படம் அபூர்வம்.

நம் வீட்டுப் பெண்கள் குளிக்கும்போதே கட்டியைக் கண்டுகொள்கிறார்கள். “வலிக்கலையே, தானா கரைஞ்சிரும்” என்று விட்டுவிடுகிறார்கள். தொடக்கத்தில் இந்தப் புற்றுக்கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. ஆபத்தே அதில்தான் இருக்கிறது. ஆகவே நோட்டீஸில் ஒரே ஒரு வரிக்குத்தான் இடமென்றால், “மாரில் வலிக்காத கட்டி தட்டுப்பட்டாலும் காட்டிவிடுங்கள், பெரும்பாலான கட்டிகள் புற்றுநோயாக இருப்பதில்லை” என்று எழுதுவேன். இன்னொரு வரி கிடைத்தால், “எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை” என்ற நம்பிக்கைக்குப் பதில் சொல்வேன். இந்த நோய் வந்தவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் அது பரம்பரையாக வருகிறது.

அச்சில் நான் கண்டவற்றில் சிறந்தது கொரீன் போமாண்ட் என்ற வடிவமைப்பாளர் செய்த எலுமிச்சைப் படம். முட்டை அட்டையில் பன்னிரண்டு எலுமிச்சம்பழங்கள். ஒன்றில் சின்னக் குழி, ஒன்றில் சிவப்பு, ஒன்றின் காம்பு உள்ளே இழுத்திருக்கிறது, ஒன்றில் நீர் கசிகிறது, ஒன்றின் தோல் ஆரஞ்சுத் தோலாகத் தடித்திருக்கிறது. உடம்பைக் காட்டாமலே எல்லா அறிகுறியும் வந்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் புரியும். கூடத்தில் எல்லோர் முன்னாலும் கூச்சமில்லாமல் விரிக்கலாம்.

ஆனால் பாடம் மட்டும் போதுமா? சீனாவின் ஷாங்காயில் சுமார் 2,66,000 நெசவாலைப் பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். பாதிப் பேருக்குச் சுயபரிசோதனையைக் கைபிடித்துக் கற்றுக்கொடுத்தார்கள். 2002இல் வெளியான முடிவில், கற்றவர்களிடமும் கல்லாதவர்களிடமும் மார்பகப் புற்றுநோய் இறப்பு ஒரே அளவில்தான் இருந்தது. அதனால்தான் நோட்டீஸின் பாதியைச் சுயபரிசோதனைப் பயிற்சிப் படங்களுக்குக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை செய்தது வேறு. சுமார் ஒன்றரை லட்சம் பெண்கள். ஒரு பிரிவுக்கு ஒருமுறை விழிப்புணர்வுப் பேச்சு. இன்னொரு பிரிவுக்குப் பேச்சோடு, பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை மார்பைத் தொட்டுப் பரிசோதித்தார்கள். 2021இல் முடிவு வந்தது. அப்படிப் பரிசோதிக்கப்பட்டவர்களில் 50 வயதைத் தாண்டியவர்களிடம் மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. இளையவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. எனக்கு இதில் விளங்குவது, பெண்ணை அந்தக் கைகளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நோட்டீஸின் வேலை என்பது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்போது நம் நாட்டில் மார்பகப் பரிசோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்டிருந்த பெண்கள் நூற்றுக்கு ஒருவர் அளவுகூட இல்லை.

செல்போனுக்கு வருவோம். அதே கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் தாமே பயன்படுத்தும் செல்போன் வைத்திருந்த பெண்கள் 54 சதவீதம்தான். மற்ற வீடுகளில் போன் கணவர் கையிலோ மகன் கையிலோ இருக்கும். மார்பு, காம்பு என்று எழுதி அனுப்பினால் மகன் படித்துவிட்டு அழித்துவிடுவான். அம்மாவிடம் சொல்ல அவனுக்கு வாய் வராது. அதனால் போனுக்கு அழைப்பை மட்டும் அனுப்புங்கள்: “30 வயது தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசப் பரிசோதனை, பார்ப்பவர் பெண் செவிலியர்.” படிக்கத் தெரியாதவர்களுக்கு அதையே வாய்ஸ் மெசேஜாக, அவர்களுக்குப் பழக்கமான செவிலியரின் குரலில் அனுப்பலாம். அறிகுறிகளை விவரிக்கும் தாளை மகளிர் குழுக் கூட்டத்தில் அவரவர் கையில் கொடுங்கள், பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துக்கொள்ளும் அளவில்.

உலக சுகாதார நிறுவனம் ஒரு கெடு வைத்திருக்கிறது: மருத்துவரிடம் முதலில் காட்டிய நாளிலிருந்து 60 நாளுக்குள் நோய் உண்டா இல்லையா என்று தெரிந்துவிட வேண்டும். அந்த முதல் நாளைத்தான் நாம் முன்னே கொண்டுவர முடியும். ஆகவே அடுத்த முறை மெசேஜ் அனுப்பினாலும் நோட்டீஸ் அடித்தாலும், கடைசி வரியில் உங்கள் ஊர் சுகாதார நிலையத்தின் பெயரையும், பரிசோதனை நடக்கும் கிழமையையும் நேரத்தையும் கேட்டுப் போடுங்கள்.