இரவல் வண்டி: இன்சூரன்ஸ் யாருக்கு?



"மாப்ள, சாவியக் குடுடா, பத்து நிமிஷத்துல வந்துடறேன்!" ஹாஸ்டலிலும் கேண்டீனிலும் தினமும் நம் காதில் விழும் வசனம் இது. பெட்ரோல் இருக்கான்னு கேட்கிறோம். பிரேக் பிடிக்குமான்னு கூடச் சில பேர் கேட்பதுண்டு. அந்த வண்டியின் இன்சூரன்ஸ் நமக்கும் சேருமா என்று யாராவது கேட்கிறோமா?

முதலில் நல்ல செய்தி. நம் நாட்டில் வாகன இன்சூரன்ஸ் வண்டியோடு போகும், ஆளோடு போகாது. பாலிசியைப் பிரித்துப் பாருங்கள். ஓனர் மட்டுமல்ல, செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள யாரும் ஓட்டலாம் என்று அதில் இருக்கும். ஆகவே நண்பன் சம்மதத்தோடு அவன் வண்டியை எடுத்துப் போய் ரோட்டில் ஒருவர் மீது மோதிவிட்டாலும், 'தேர்டு பார்ட்டி'யான அவருக்கு உரிய நஷ்டஈட்டை கம்பெனி கொடுக்கும். 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவுப்படி இந்த தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம்.

'காம்ப்ரஹென்சிவ்' பாலிசி என்றால் வண்டிச் சேதத்துக்கும் பணம் கிடைக்கும். ஆனால் க்ளைம் வாங்கினால் நண்பனின் 'நோ க்ளைம் போனஸ்' போச்சு! சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் வரை ஏறக்கூடிய தள்ளுபடி அது. கீழே போட்டது நாம், தண்டம் அவனுக்கு.

இனி கெட்ட செய்தி. அடிபட்டது நாமாகவே இருந்தால்? பாலிசியோடு வரும் ரூ.15 லட்சம் விபத்துக் காப்பீடு, லைசென்ஸ் உள்ள ஓனருக்கு மட்டும்தான். இரவல் ஓட்டுபவருக்குக் கிடையாது.

"அப்படின்னா நானும் தேர்டு பார்ட்டிதானே?" என்று கேட்கலாம். இல்லை! நிங்கம்மா என்பவர் தொடுத்த வழக்கில் 2009-ல் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. அவர் கணவர் இரவல் மோட்டார் சைக்கிளில் போய், முன்னால் சென்ற மாட்டு வண்டியில் மோதி இறந்தார். இரவல் வாங்கியவர் ஓனரின் இடத்தில் நிற்கிறார், அதனால் அந்த வண்டியின் இன்சூரன்ஸில் 163ஏ பிரிவின் கீழ் நஷ்டஈடு கேட்க முடியாது என்றது கோர்ட். 2020-ல் ராம்கிலாடி வழக்கிலும் இதே நிலைதான். தவறு எதிர் வண்டி மேல் இருந்தால் அந்த வண்டியின் இன்சூரன்ஸில் கேட்கலாம். தானாகச் சறுக்கி விழுந்தால்?

லைசென்ஸே இல்லாமல் ஓட்டினால் இன்னும் மோசம். 2004-ல் வந்த ஸ்வரன் சிங் வழக்குத் தீர்ப்பின்படி, அடிபட்டவருக்கு கம்பெனி கொடுத்துவிட்டு, பிறகு அந்தப் பணத்தை ஓனரிடம் வசூலிக்க முடியும். ஆர்.சி. புக்கில் இருப்பது பெரும்பாலும் நண்பனின் அப்பா பெயர்! சாவி கொடுத்த குற்றத்துக்கு ரூ.5,000 வரை அபராதம் தனி.

முதலாண்டுத் தம்பிகளே, இது உங்களுக்கு. 16 வயதில் கிடைக்கும் லைசென்ஸ், 50 சி.சி.க்கு மேற்படாத கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான். 18 நிரம்பாமல் பைக்கை எடுத்து மாட்டினால், 2019-ல் வந்த 199ஏ பிரிவின்படி பெற்றோர் அல்லது ஓனருக்கு 3 வருடம் வரை சிறை, ரூ.25,000 அபராதம், ஆர்.சி.யும் 12 மாதம் ரத்து.

சாவி வாங்கும் முன் பார்க்க வேண்டியவை:

1. இன்சூரன்ஸ் தேதி முடிந்துவிட்டதா?

2. நம் லைசென்ஸ் அந்த வகை வண்டிக்குச் செல்லுமா? எல்.எல்.ஆர். மட்டும் இருந்தால் 'எல்' போர்டு உள்ளிட்ட விதிகளும் கட்டாயம்.

3. காசு கொடுத்து வாடகைக்கு எடுக்கிறோமா? சொந்த உபயோக பாலிசியில் வாடகை ஓட்டத்துக்கு இடமில்லை.

4. நமக்கென்று தனியாக விபத்துக் காப்பீடு இருக்கிறதா? 18 வயது முடிந்து, பேங்க் கணக்கு இருந்தால் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் வருடத்துக்கு ரூ.20 தான், விபத்தில் உயிர் போனால் வீட்டுக்கு ரூ.2 லட்சம்.

இருபது ரூபாய் என்பது நமக்கு ஒரு டீயும் வடையும். அந்தத் தொகையை நம்மை நம்பி ஃபீஸ் கட்டும் பெற்றோருக்காக ஒதுக்குவோமே! பேங்க்குக்கு அடுத்த முறை போகும்போது அந்த ஃபாரத்தைக் கேட்டு வாங்குங்கள், நண்பர்களே.

– மூன்றாம் ஆண்டு ஆட்டோமொபைல் மாணவன்