விலை போகாத குட்டியும் பத்து லட்சம் டாலர் மாப்பிள்ளையும்

சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்தே போய், சேர்வராயரையும் காவேரியம்மனையும் கும்பிட்டு, குனிந்தே வெளியே வந்து முதுகை நிமிர்த்தியபோதுதான் அந்தப் பனியனைப் பார்த்தேன். ஆடி மாத மூடுபனி. 5,300 அடி உயரம். நாங்கள் எல்லாரும் ஸ்வெட்டரும் மப்ளருமாக வெடவெடத்துக்கொண்டிருக்க, கனடாவிலிருந்து லீவுக்கு வந்த தங்கை மகன் மட்டும் அரைக்கைப் பனியனோடு, "இதெல்லாம் ஒரு குளிரா?" என்ற பாவனையில் நிற்கிறான். அவன் நெஞ்சில் பள்ளிக்கூடத்தின் பெயர்: நார்தர்ன் டான்சர் பப்ளிக் ஸ்கூல், ஓஷாவா.

கோயில் மணி எனக்கு மட்டும் தனியாக ஒருமுறை அடித்தது.

"கண்ணு, இது யார் பேருன்னு தெரியுமா?"

"ஹார்ஸ், மாமா." பயல் வெகு அலட்சியமாகச் சொன்னான். "அந்தியூர்ல பார்த்தோமே, அந்த மாதிரி டான்ஸ் ஆடுற ஹார்ஸா இருக்கும்."

முந்தாநாள்தான் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்கு அவனைக் கூட்டிப் போயிருந்தேன். மேளத்துக்குக் கால் மாற்றி ஆடுகிற குதிரையை வாய் பிளந்து பார்த்தான். வாங்க வந்தவர்கள் குதிரையின் நெற்றியிலும் கழுத்திலும் சுழி தேடிக்கொண்டிருந்ததை அதைவிட அதிசயமாகப் பார்த்தான். நல்ல சுழி, கெட்ட சுழி, குடும்பத்துக்கு ஆகாத சுழி எல்லாவற்றுக்கும் அங்கே பேர் உண்டு.

ஆடுகிற குதிரையாம்! சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கிண்டி ரேஸுக்குப் போய் வளர்ந்தவன் நான். "இது சூதாட்டம் இல்லடா, கணக்கு" என்பார் சித்தப்பா. 1996-ல் உச்ச நீதிமன்றமும் மெட்ராஸ் ரேஸ் கிளப் சம்பந்தப்பட்ட வழக்கில், குதிரைப் பந்தயம் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று தீர்ப்பு சொன்னது. சித்தப்பா விட்ட காசு அதனால் திரும்பி வரவில்லை என்பது வேறு விஷயம். அவர் வாயில் சாமி பேர் மாதிரி வந்துபோன பேர் நார்தர்ன் டான்சர். அதன் சமாதி இருக்கிற ஊரிலிருந்து அதன் பேரையே மாட்டிக்கொண்டு ஒருவன் வந்து நிற்கிறான், அது யார் என்று தெரியாமல்! காற்றுக்கு முதுகைக் காட்டி மலை மேல் மைதானத்தில் உட்கார்ந்தோம். நான் ஆரம்பித்தேன்.

முதலில் பேர். அது ஆடவே ஆடாது. அப்பா பேர் நியார்க்டிக். அதில் வடதுருவம் ஒளிந்திருக்கிறது, எனவே நார்தர்ன். அம்மா நடால்மா, அவளைப் பெற்ற அப்பன் நேட்டிவ் டான்சர், எனவே டான்சர். அதாவது பாதி அப்பா, பாதி அம்மாவைப் பெற்ற தாத்தா. நம் வீட்டில் பேரனுக்குப் பேர் வைக்கிற அதே வேலை. "உன் பேர்லகூட உங்க தாத்தா இருக்காரில்ல?" என்றேன். பயலுக்குக் குதிரை மேல் லேசாகச் சொந்தம் வந்தது தெரிந்தது.

அடுத்தது முழங்கால். பீர் கம்பெனிகளால் பெரும் பணக்காரரான இ. பி. டெய்லர், 1958-ல் ஒன்றரை வயசுகூட ஆகாத நடால்மாவை 35,000 டாலருக்கு வாங்கினார். நன்றாக ஓடிக்கொண்டிருந்தவளுக்கு 1960-ல், பெரிய ரேஸ் ஒன்று நெருங்கும் நேரத்தில் முழங்காலில் எலும்பு சிதறிவிட்டது. ஓட முடியாது, சரி, சினைக்கு விடலாம் என்று முடிவெடுத்தபோது பருவமே ஏறக்குறைய முடிந்துவிட்டிருந்தது. குதிரைக்குச் சினைக்காலம் பதினொரு மாதம். குட்டி பிறந்தது 1961 மே 27. பந்தயக் குதிரைகளுக்கு ஒரு விசித்திரமான சட்டம் உண்டு. உலகின் வடபாதியில் எந்த மாதம் பிறந்திருந்தாலும் ஜனவரி 1 வந்தால் எல்லாவற்றுக்கும் ஒரு வயசு கூடிவிடும். நம் ஊர் வாத்தியார்கள் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் ஜூன் மாதத்தில் பிறந்தநாள் போட்டார்களே, அதே கதைதான். பிப்ரவரியில் பிறந்த தடியன்களோடு மே மாதக் கடைசியில் பிறந்த இந்தப் பொடியனும் ஒரே வகுப்பு.

பொடியன்தான். பழுப்பு உடம்பு, நெற்றியிலிருந்து மூக்கு வரை கோணலாக இறங்கும் வெள்ளைப் பட்டை, மூன்று கால்களில் வெள்ளை. குட்டையாக, கட்டுமஸ்தாக. அந்தியூர்க்காரர்கள் பார்த்திருந்தால் சுழியாவது தேடியிருப்பார்கள். கனடாப் பணக்காரர்கள் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். டெய்லர் வருஷா வருஷம் தன் பண்ணைக் குட்டிகளுக்கு விலைச்சீட்டு வைத்து ஒரு விற்பனை நடத்துவார். 1962-ல் இதன் சீட்டில் 25,000 டாலர். யாரும் எடுக்கவில்லை. விற்காத கத்திரிக்காயை வீட்டுக்குழம்புக்கு எடுத்துப்போவது போலத் தன் லாயத்துக்கே அனுப்பினார்.

அங்கேயும் சும்மா இருந்ததா? ஏறினவனைத் தள்ளுவது, எட்டி உதைப்பது என்று ஒரே ரகளை. பயிற்சியாளர் ஹொரேஷியோ லூரோ அர்ஜென்டினாக்காரர், நாசூக்கான மனிதர். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "காயடித்துவிடலாம், அடங்கும்" என்றார். டெய்லர் ஒப்பவில்லை. அந்த ஒரு "வேண்டாம்" எத்தனை கோடி பெறும் என்று அப்போது அவருக்கே தெரியாது. எனக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் கை நடுங்கும். ஒரு கத்தி, ஐந்து நிமிஷ வேலை, அத்தனையும் போயிருக்கும்!

1963 ஆகஸ்ட் 2, ஃபோர்ட் ஈரி மைதானத்தில் முதல் ஓட்டம். மேலே ரான் டர்காட் என்ற கத்துக்குட்டி ஜாக்கி. சுலபமாக ஜெயித்தார்கள். அந்த வருஷக் கடைசியில் குளம்பு வெடித்துவிட்டது. ஓடும் குதிரைக்குக் குளம்பு வெடித்தால் மாதக்கணக்கில் லாயத்தில்தான். கலிஃபோர்னியாவிலிருந்து பில் பேன் என்ற லாடக்காரரை வரவழைத்தார்கள். அவர் வெடிப்பின் மேல் ரப்பரை வைத்துச் சூடேற்றி ஒட்டிவிட்டார். சாட்சாத் பஞ்சர் கடை வேலை! அந்த ஒட்டோடு ஃபுளோரிடாவுக்குப் போய் இரண்டு பெரிய ரேஸ்களை அடித்தது.

அந்த ஃபுளோரிடா ஜெயங்களில் மேலே இருந்தவர் பில் ஷூமேக்கர், அமெரிக்காவின் சூப்பர் ஸ்டார் ஜாக்கி. கென்டக்கி டெர்பி நெருங்கியதும் அவர் கட்சி மாறினார். ஹில் ரைஸ் என்ற நெடிய குதிரைதான் ஜெயிக்கும் என்று அதற்குப் போய்விட்டார். குட்டையனுக்குக் கிடைத்தவர் பில் ஹார்ட்டாக். 1964 மே 2. கடைசி நீட்டத்தில் ஹில் ரைஸ் நீண்ட காலை வீசி வீசித் துரத்துகிறது. இது குட்டைக் காலைத் தையல் மெஷின் ஊசி மாதிரி படபடவென்று போடுகிறது. கழுத்து வித்தியாசத்தில் ஜெயம். நேரம் சரியாக 2 நிமிஷம், அதுவரை அந்த ரேஸில் யாரும் ஓடாத வேகம். இரண்டு வாரத்தில் ப்ரீக்னெஸ் ரேஸையும் ஜெயித்தது. பெல்மான்ட் ரேஸில் மட்டும் மூன்றாவது. அது ஒன்றரை மைல், மூச்சு பத்தவில்லை. ஜூன் 20-ல் சொந்த நாட்டில், டொரன்டோவில் குயின்ஸ் பிளேட் ரேஸில் ஏழு குதிரை நீளத்துக்கு மேல் தள்ளி ஜெயித்தது. அதுதான் கடைசி. காலில் தசைநார் போய்விட்டது. மொத்தம் 18 ஓட்டம், 14 முதலிடம், 2 இரண்டாமிடம், 2 மூன்றாமிடம். பரிசில்லாமல் ஒருநாளும் லாயம் திரும்பியதில்லை.

அந்த 2 நிமிஷச் சாதனையை 1973-ல் செக்ரடேரியட் முறியடித்தது. மேலே இருந்த ஜாக்கி யார்? இதே ரான் டர்காட்!

இந்த இடத்தில் பையன் கையில் காசு கொடுத்து மக்காச்சோளம் வாங்கி வர அனுப்பினேன். காரணம், அடுத்தது அந்தப்புரம்.

நம் மாட்டாஸ்பத்திரியில் மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறார்களே, அது தரோபிரட் என்ற பந்தயக் குதிரை ஜாதியிடம் செல்லாது. நேரடியாகச் சேர்ந்து பிறந்தால்தான் வம்சப் பதிவேட்டில் பேர் ஏறும். ஆகவே பெண் குதிரைகள் நாடு விட்டு நாடு லாரியிலும் விமானத்திலும் மாப்பிள்ளை வீட்டுக்குப் பயணம் போகின்றன. அங்கே முதலில் வரவேற்பது மாப்பிள்ளை இல்லை, 'டீசர்'. சினிமாவுக்கு முன்னால் வருகிற அதே டீசர்தான். ஏதோ ஒரு சாதா ஆண் குதிரையைக் கொண்டுவந்து தடுப்புக்கு இந்தப் பக்கம் நிறுத்துவார்கள். பெண்ணுக்கு இஷ்டமில்லை என்றால் உதை விழும்; அது டீசருக்கு. இஷ்டம் என்றால் டீசரை அப்படியே லாயத்துக்கு ஓட்டிப்போய்விட்டு ராஜாவைக் கூட்டி வருவார்கள். உலகத்திலேயே பரிதாபமான உத்தியோகம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். பெண்ணின் பின்னங்கால்களுக்கு மெத்தை வைத்த பூட்ஸ், வாலுக்குக் கட்டு, பிடித்துக்கொள்ள நாலைந்து ஆள். விலைமதிப்பில்லாத மாப்பிள்ளை மேல் உதை பட்டுவிடக் கூடாதே!

நம் ஆளுக்கு இன்னொரு சங்கடம். குதிரையைக் 'கை' கணக்கில் அளப்பார்கள்; ஒரு கைக்கு 4 அங்குலம். இது பதினைந்து கையும் கொஞ்சமும். வருகிற பெண்களோ வாட்டசாட்டம். எட்டவில்லை! மணவறையில் குள்ள மாப்பிள்ளைக்குப் பலகை போட்ட கதையாக, அதற்கென்று தரையில் சரிவு மேடை கட்டினார்கள். அந்த மேடையிலிருந்துதான் இன்றைய ரேஸ் உலகத்தின் பாதி இறங்கி வந்தது என்று நான் சத்தியம் செய்வேன்.

1965-ல் ஒரு சேர்க்கைக்குக் கட்டணம் 10,000 டாலர். 1970-ல் மகன் நிஜின்ஸ்கி இங்கிலாந்தின் முப்பெரும் ரேஸ்களையும் ஒரே வருஷத்தில் ஜெயித்தான். அதற்கப்புறம் அங்கே எந்தக் குதிரையும் அதைச் செய்யவில்லை. 1984 எப்சம் டெர்பியில் முதல் இரண்டு இடமும் இதன் பிள்ளைகளுக்கே: மயிரிழை வித்தியாசத்தில் செக்ரீட்டோ முன்னால், எல் கிரான் செனோர் பின்னால். கட்டணம் ஏறி ஏறி 1980-களின் நடுவில் பத்து லட்சம் டாலரைத் தொட்டது. சினை நிற்கும் என்ற உத்தரவாதமும் கிடையாது. இருபது வயசுக் கிழவனுக்கு 4 கோடி டாலர் தருகிறோம் என்று வந்தவர்களை, போய்வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

சோளம் வந்துவிட்டது. பையனுக்குச் சொல்லக்கூடிய கதைக்கு ஓடிவந்தேன்: 1983, கென்டக்கி ஏலம். நார்தர்ன் டான்சர் குட்டி ஒன்றுக்குத் துபாய் ஷேக் முகமதுவும், ராபர்ட் சாங்ஸ்டர் என்ற பணக்காரரின் கோஷ்டியும் மல்லுக்கட்டினார்கள். ஏலப் பலகையில் ஏழு இலக்கத்துக்குத்தான் இடம். விலை ஒரு கோடி டாலரைத் தொட்டதும் பலகைக்குப் பைத்தியம் பிடித்துப் பூஜ்யம் காட்டியது! 1 கோடியே 2 லட்சத்துக்கு ஷேக் எடுத்தார். ஸ்னாஃபி டான்சர் என்று பேர். ஒரு ரேஸில்கூட ஓடவில்லை, அவ்வளவு மெதுவாம். சரி, பொலிக்காவது விடலாம் என்றால் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் குட்டிகள். மாணிக்கவாசகருக்காக நரி பரியாகி, ராத்திரியில் பரி மறுபடி நரியான திருவிளையாடல் மதுரைக்கு மட்டும் சொந்தமில்லை என்பேன்.

ஆனால் மற்றப் பிள்ளைகள் அப்பன் பேரைக் காப்பாற்றினார்கள். சாட்லர்ஸ் வெல்ஸ் என்ற மகன் பிரிட்டன், அயர்லாந்தில் 14 தடவை முதலிடப் பொலிகுதிரை. அதன் மகன் கலிலியோ. கலிலியோவின் மகன் ஃபிராங்கல், 14 ரேஸ் ஓடி 14-ம் ஜெயித்தது. ஃபிராங்கலின் அம்மா வழியில் ஏறிப் பார்த்தாலும் டான்சிக் என்ற இன்னொரு மகன் வழியாக இதே தாத்தாதான் நிற்கிறார். இன்னொரு மகன் ஸ்டார்ம் பேர்டுக்கும், சாதனையை முறியடித்த செக்ரடேரியட்டின் மகள் டெர்லிங்குவாவுக்கும் பிறந்தது ஸ்டார்ம் கேட்; பிற்பாடு அதன் கட்டணமே 5 லட்சம் டாலர். அதாவது எதிரிகள் சம்பந்தியானார்கள். ரசீன் என்ற மகன் 1990 எப்சம் டெர்பியில் எல்லாரும் பணம் கட்டிய குதிரை. கூட்டத்தோடு பின்னால் வந்து மானத்தை வாங்கியது. இந்தியாவுக்கு உஷா ஸ்டட் பண்ணைக்கு வந்து, இங்கே முதல்தரப் பொலிகுதிரையானது. சித்தப்பா கிண்டியில் காசு கட்டிய குதிரைகளிலும் அந்தக் குட்டையனின் ரத்தம் ஓடியிருக்கிறது. அவருக்கு ஜெயித்துக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

1990 நவம்பர் 16, அமெரிக்காவின் மேரிலண்டில் வயிற்றுவலி வந்து போய்ச் சேர்ந்தது. ஓக் மரப் பெட்டியில் வைத்து எல்லை தாண்டி ஓஷாவாவுக்குக் கொண்டுவந்து, பிறந்த பண்ணையிலேயே புதைத்தார்கள். 2009-ல் பண்ணை மூடப்பட்டது. நிலம் யூனிவர்சிட்டியும் வீடுகளுமாக மாறியது.

"மாமா, அது எங்க ஸ்கூல்கிட்டயா?"

"அங்கதான் எங்கேயோ, கண்ணு."

பயல் பனியனைக் குனிந்து பார்த்துக்கொண்டான். அதன் மேல் விழுந்திருந்த சோளத்தைத் தட்டிவிட்டான்.

இறங்கி வரும் வழியில் ஒரு சவாரிக் குதிரை, புல் மேய்ந்தபடி. மட்டக்குதிரை. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடினான். குதிரைக்காரர் கடிவாளத்தைப் பிடித்துக்கொள்ள, அதன் முன்னங்கால் குளம்பில் ஆரம்பித்துத் தோள் வரை தன் பிஞ்சு உள்ளங்கையை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துக்கொண்டே போனான். அங்கிருந்தே கத்தினான்:

"மாமா! பதினஞ்சு கை! பதினஞ்சும் கொஞ்சமும்!"

குதிரைக்காரர் என்னைப் பார்த்தார். "சுழியும் நல்ல சுழிங்க" என்றார்.